தரகருக்கும் ஒரு நிபந்தனை!

சொந்த வீட்டை விற்கத் தரகர் வேண்டுமா, வேண்டாமா? எங்கள் வீட்டில் இதற்காக இரண்டு மாதம் பட்டிமன்றமே நடந்தது. அதில் தெரிந்து கொண்டதை நம் சகோதரிகளுக்கும் சொல்லலாமே என்றுதான் இந்தக் கடிதம்.

விற்க வேண்டியிருந்தது, சிந்துபூந்துறையில் அப்பா கட்டிய வீடு. அப்பா 2021-ல் காலமாகி விட்டார். உயில் எழுதவில்லை. எழுபத்தாறு வயது அம்மா அங்கே தனியாக இருந்தார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்து வந்ததே, அன்று வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். எதிர்த்த மாடி வீட்டுக்காரர்கள்தான் அம்மாவைத் தூக்கிக் கொண்டு போய்க் காப்பாற்றினார்கள். அதன் பிறகு அவரை அங்கே விட எங்களுக்கு மனசில்லை. பாளையங்கோட்டையில் என் வீட்டுப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்ப்பது, வீடு விற்றதில் அம்மாவுக்கு வரும் பங்கை அவர் பெயரிலேயே போட்டு வைப்பது என்று முடிவு செய்தோம். ஆக, கிடைக்கிற விலைதான் அம்மாவின் கடைசிக் காலச் சாப்பாடு.

கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன், "லீவு போட்டு வந்து அலைய முடியாது, தரகர்ட்ட விட்டுரு" என்றான். அம்மாவோ, "உங்க அப்பா கொத்தனாரோட நின்னு கட்டின வீட்டை விக்கதுக்கு மூணாவது மனுஷனுக்கு எதுக்குளா ரூவா?" என்றார்.

அம்மா சொல்படி, முதலில் என் போன் நம்பரைப் போட்டு வாசலில் போர்டு மாட்டினோம். பத்து பேர் கூப்பிட்டால் ஏழு பேர் தரகர்கள்! அக்கம்பக்கத்தில் கேட்டவர்கள், "வெள்ளத்துக்குப் பயந்து அவசரமா விக்காக" என்று 30 லட்சத்துக்கு மேல் ஏறவே இல்லை. அதையாவது பொறுத்துக் கொள்ளலாம். மத்தியானம் இரண்டு மணிக்கு முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் வந்து, அடுப்படி வரை நடந்து பார்த்து விட்டு, "பாட்டி தனியாவா இருக்கீக?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே போர்டைக் கழற்றி விட்டேன்.

சரி, தரகர் என்று முடிவானது. முதலில் வந்தவர் நன்றாகத்தான் பேசினார். "உங்க கைக்கு 36 லட்சம் வந்தாப் போதும்லா? மேல கிடைக்கது எனக்கு" என்றார். வீட்டை அவர் 40 லட்சத்துக்கு விற்றால் அவருக்கு 4 லட்சம், அதாவது பத்து சதவீதம்! எங்கள் பக்கம் வழக்கமான கமிஷன் ஒன்று அல்லது இரண்டு சதவீதம்தான். 40 லட்சத்துக்கு அது 40,000 அல்லது 80,000 ரூபாய். இது போக, அசல் பத்திரத்தை அவரிடம் கொடுக்க வேண்டுமாம், அவர் பெயருக்குப் பவரும் எழுத வேண்டுமாம்.

இன்னொன்றும் சொன்னார். "தங்கச்சிக ரெண்டு பேரும் அம்மாவும் அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிட்டா, ஒரே கையெழுத்துல வேலை முடிஞ்சிரும்." கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகள் மூன்று பேருக்கும் சம பங்கு. விடுதலை எழுதிக் கொடுத்து விட்டால் முழுப் பணமும் அண்ணன் கைக்குத்தான் போகும். அண்ணன் தங்கமானவன்தான். ஆனாலும் அம்மாவின் பங்கு அம்மா பெயரில் வர வேண்டும் என்று நானும் மும்பையில் இருக்கும் தங்கையும் ஒரே பிடியாக நின்றோம். அண்ணனும் ஒத்துக் கொண்டான். அந்தத் தரகருக்கு ஒரு காப்பியைக் கொடுத்து அனுப்பி விட்டோம்.

அடுத்து ஜங்ஷன் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. பக்கத்துத் தெருவில் இரண்டு வீடு முடித்துக் கொடுத்தவர். அந்த இரண்டு வீட்டு அம்மாக்களிடமும் விசாரித்து விட்டுத்தான் அவரைக் கூப்பிட்டேன். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவான புதிய மனைப் பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களில் விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டுகள் பதிவு செய்திருக்க வேண்டும். நம்மைப் போன்றவர்களின் பழைய வீட்டை முடித்துக் கொடுக்கும் தரகருக்கு அது கட்டாயமில்லை. அதனால் பேசுவதை எழுதி வைப்பதே நமக்குக் காவல். ஒரு வெள்ளைத்தாளில் இப்படி எழுதினேன்:

1. கமிஷன் ஒரு சதவீதம். பத்திரம் பதிவாகும் அன்றுதான், பாங்க் மூலமாக.

2. அதற்குக் கையெழுத்துப் போட்ட ரசீது தர வேண்டும். (சொத்து விற்ற லாபத்துக்கு வருமான வரி கணக்குப் போடும்போது இந்தச் செலவைக் கழித்துக் கொள்ளலாம்.)

3. பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கம், தீர்வை ரசீது எல்லாம் ஜெராக்ஸ் மட்டுமே.

4. போன் செய்து விட்டு, நான் அங்கே இருக்கும்போது மட்டும் ஆள் கூட்டி வர வேண்டும்.

5. அட்வான்ஸ் நேராக எங்கள் பாங்க் கணக்குக்கு வர வேண்டும். (வீட்டு அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு.)

6. எங்கள் சொந்தத்தில் யாராவது வாங்கினால் கமிஷன் கிடையாது.

"நீங்க என்ன வக்கீல் வீடாக்கா?" என்று சிரித்துக் கொண்டே கையெழுத்துப் போட்டார் அண்ணாச்சி.

மூன்றாவதாக அவர் கூட்டி வந்தது ஒரு வாத்தியார் தம்பதி. விலை 41½ லட்சம் வரை பேசியாகி விட்டது. "வெள்ளம் வந்ததை நீங்களாச் சொல்லாதீக, கேட்டாப் பாத்துக்கிடலாம்" என்று அண்ணாச்சி என் காதில் சொன்னார். வெள்ளையடித்து விட்டதால் சுவரில் அடையாளமும் தெரியாது. அம்மா பேசாமல் எழுந்து போய், சுவரில் கையை வைத்துக் காட்டினார். "இதுவரைக்கும் வந்துச்சு தாயி. 1992-லயும் வந்துச்சு. சின்னப் பிள்ளைக வச்சிருக்கீக, தெரிஞ்சு வாங்குங்க."

அவர்கள் போய்ப் பத்து நாள் பேச்சு மூச்சே இல்லை. அண்ணன் போனில் சத்தம் போட்டான். அம்மா அசையவில்லை. வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறையை விற்கிறவர் மறைக்கக் கூடாது என்று 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது என்பதைப் பிறகுதான் வக்கீல் சொல்லித் தெரிந்து கொண்டேன்.

பதினோராம் நாள் அவர்களே வந்தார்கள். தரைமட்டத்தை உயர்த்திக் கட்ட வேண்டும் என்று ஒன்றரை லட்சம் குறைத்துக் கேட்டார்கள். 40 லட்சத்துக்கு முடிந்தது.

முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் வாங்குகிறவர்கள் கட்ட வேண்டும். அதனால் "பத்திரத்துல கொஞ்சம் குறைச்சுப் போடலாமா?" என்று கேட்டுப் பார்த்தார்கள். முழுத்தொகையும் போட்டால்தான் கையெழுத்து என்று சொல்லி விட்டோம். (10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை இருக்கிறது. வாங்க நினைக்கும் சகோதரிகள் கவனிக்கவும்.) ஆடி கழிந்து 2025 ஆவணியில் நாங்கள் நான்கு பேரும் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டோம். ஆளுக்கு 10 லட்சம், நான்கு டிராஃப்ட். அண்ணாச்சிக்கு 40,000.

உங்கள் தெருவிலேயே நல்ல விலைக்கு ஆள் இருந்து, அலைவதற்கும் வீட்டில் ஆள் இருந்தால் தரகர் தேவையில்லை. வயதான பெண் தனியாக இருக்கும் வீடு என்றால், கண்டவர்களும் கதவைத் தட்டாமல் இருப்பதற்கே அந்த ஒரு சதவீதம் தகும் என்பது என் கட்சி. ஆனால் ஆள் கூட்டி வருவதோடு அவர் வேலை முடிந்தது. அசல் பத்திரமும், பவரும், பணமும் அவர் கைக்குப் போகக் கூடாது.

அம்மாவின் 10 லட்சம் போஸ்ட் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வருகிறது. பாஸ்புக் அம்மாவின் தலையணைக்கு அடியில்!

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை.