குதிகாலில் ஒரு துளி ரத்தம்

சென்னை கிண்டியில் 1948இல் தொடங்கப்பட்டது பிசிஜி தடுப்பூசி ஆய்வகம். காசநோய்க்கு எதிரான அந்த ஊசி இன்று தமிழ்நாட்டில் குழந்தை பிறந்த கையோடு போடப்படுகிறது. அதில் இருப்பது வீரியம் குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி. கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு அது காப்பு. ‘ஸ்கிட்’ என்னும் கடும் நோயெதிர்ப்புக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கோ அதுவே உடலெங்கும் பரவும் தொற்றாகிவிடலாம். எதிர்த்து நிற்க வேண்டிய டி செல்கள் அங்கே இல்லை. பிறக்கும்போது கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்குச் சில மாதங்களில் ஓயாத வயிற்றுப்போக்கு, நிமோனியா. சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு வயதைத் தாண்டுவது அரிது.

இந்தக் குழந்தைகளுக்குத்தான் மரபணு சிகிச்சை. குழந்தையின் ஸ்டெம் செல்களையே எடுத்து, தீங்கு நீக்கிய வைரஸ் மூலம் பழுதில்லாத மரபணுவைச் சேர்த்துத் திரும்ப உடலில் ஏற்றுகிறார்கள். பொருத்தமான கொடையாளரைத் தேடி அலைய வேண்டாம். ஆபத்தானது என்று அஞ்சுவோரிடம் நியாயம் இருக்கிறது: பாரிஸிலும் லண்டனிலும் முதலில் சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளில் 5 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அன்றைய வைரஸ், புற்றைத் தூண்டும் மரபணுவின் அருகில் போய் உட்கார்ந்து அதை முடுக்கிவிட்டது. பிறகு வந்த லென்டி வைரஸ் முறையில், ‘ஏடிஏ’ நொதி இல்லாததால் ஸ்கிட்டோடு பிறந்த 50 குழந்தைகளும் உயிரோடிருப்பதாகவும், 48 பேருக்குச் சிகிச்சை பலித்ததாகவும், யாருக்கும் ரத்தப் புற்று வரவில்லை என்றும் 2021இல் ஆய்வு வெளியானது. நீண்ட காலக் கண்காணிப்பு தேவைதான், கைவிடக் காரணமில்லை. அதே வகை வைரஸைக் கொண்டு வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவருக்குச் சிகிச்சை அளித்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஆக, திறமை நம்மிடம் இருக்கிறது. சிகிச்சை கிடைக்கும்வரை குழந்தை பிழைத்திருப்பதுதான் பாடு.

அதனால் மரபணு சிகிச்சைக்கு முன்னால் நமக்கு வேண்டியது பிறந்தவுடன் பரிசோதனை என்பேன். குதிகாலில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தைத் தாளில் உலர்த்தி, டி செல்கள் உருவாகும்போது மிஞ்சும் டிஎன்ஏ வளையங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். அமெரிக்காவில் 2008இல் விஸ்கான்சினில் தொடங்கிய இது, 2018க்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. அங்கே மூன்றரை மாதத்துக்குள் ஸ்டெம் செல் மாற்று பெற்ற குழந்தைகளில் 100க்கு 94 பேர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள். ‘58,000இல் ஒரு குழந்தைக்கு வரும் நோய்க்கு இவ்வளவு செலவா?’ என்று கேட்கலாம். அது அமெரிக்கக் கணக்கு. தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் 28 சதவீதம் உறவுக்குள் நடப்பவை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேரும் ஸ்கிட் வகைகள் இங்கே கூடுதலாக இருக்கவே வாய்ப்பு. கண்டுபிடித்த பின் பணத்துக்கு எங்கே போவது என்பதற்கும் பாதி விடை உண்டு: 2021 தேசிய அரிய நோய்க் கொள்கை, ஸ்டெம் செல் மாற்றால் ஒரே முறையில் தீர்க்கக்கூடிய நோய்களில் ஸ்கிட்டைச் சேர்த்திருக்கிறது, உதவித்தொகை 50 லட்சம் ரூபாய் வரை. பட்டியலில் பெயர் இருந்தும் குழந்தையைக் கண்டறிய வழி வைக்காதது விந்தைதான். அந்தப் பரிசோதனை வரும்வரைகூடக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முன்பு கைக்குழந்தையைத் தொற்றுக்குப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த குழந்தை பிறந்தால், பிசிஜியைச் சற்றுத் தள்ளிவைத்து, தெருமுனை லேபிலும் செய்யும் சிபிசி ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் எண்ணிக்கையைப் பார்க்கலாம். அது 3,000க்குக் கீழே இருந்தால் உடனே நோயெதிர்ப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.