மின் கணப்பு

மின் கணப்பு என்பது விறகோ கரியோ எரியும் கணப்படுப்பின் தோற்றத்தில் அமைந்த, மின்சாரத்தால் அறையைச் சூடேற்றும் கருவி ஆகும். முகப்புக் கண்ணாடிக்குப் பின்னே அசையும் தழல் ஓர் ஒளித்தோற்றமே. வெப்பத்தைத் தருவது பெட்டிக்குள் தனியே பொருத்தப்பட்ட மின்தடைச் சுருள். பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் இது பரவலாகப் பயன்படுகிறது. ஒருவரே தூக்கி இடம் மாற்றக்கூடிய சிறிய வகைகள் இன்று உதகமண்டலம், குன்னூர், கொடைக்கானல், இலங்கையின் நுவரெலியா போன்ற குளிர்ந்த மலையூர்களிலும் காணப்படுகின்றன. கடைகளில் 'ஃபயர்பிளேஸ் ஹீட்டர்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

பெயர்

குளிர்காய்வதற்காக மூட்டும் நெருப்புக்குத் தமிழில் கணப்பு என்று பெயர். அந்த நெருப்பை வைக்கும் மண்கலம் கணப்புச் சட்டி. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், வாடைக்காலத்து மக்கள் குளிர்காயும் அகன்ற வாயுடைய நெருப்புச் சட்டி 'தடவு' என்ற பெயரில் வருகிறது. வெப்பநாட்டு மொழி என்று எண்ணப்படும் தமிழில் இதற்கான சொற்கள் பழமையானவை. எனவே 'மின் கணப்பு' என்ற பெயருக்குப் புதிதாக ஆக்க வேண்டியதாக எதுவும் இல்லை.

தோற்றம்

ஐரோப்பியக் குளிர்நாடுகளில் சுவரோடு கட்டிய கணப்படுப்பு வீட்டின் நடுவிடமாக இருந்தது. ஆனால் அது வீணடிப்பும் மிகுந்தது. எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். மேலே செல்லும் காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்குகளின் வழியே குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும். நெருப்புக்கு எதிரே அமர்ந்தவரின் முகம் சுடும், முதுகு குளிரும். ரம்ஃபோர்டு பிரபு என்ற அறிவியலாளர் 1790களில் அடுப்பின் பக்கங்களைச் சாய்த்தும் புகைவழியின் கழுத்தைக் குறுக்கியும் இந்த இழப்பைக் குறைத்தார். ஆனாலும் இழப்பு முற்றிலும் நீங்கவில்லை.

மின்சாரத்தால் சூடேற்றுவதற்குத் தடையாக இருந்தது கம்பிதான். செந்தழலாகும் வரை சூடேற்றினால் அக்காலக் கம்பிகள் காற்றில் விரைவில் ஆக்சிசனேற்றம் அடைந்து அறுந்துபோயின. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் உருவாக்கிய நிக்கல்–குரோமியம் உலோகக்கலவைக்கு 1906இல் காப்புரிமை கிடைத்தது. நிக்ரோம் எனப்படும் இதன்மேல் சூட்டில் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் உண்டாகி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இஸ்திரிப் பெட்டி, ரொட்டி வாட்டி, அறைச் சூடேற்றி ஆகிய எல்லாவற்றிலும் இருப்பது இக்கம்பியோ இதன் உறவினமோதான். சார்லஸ் ரெஜினால்டு பெல்லிங் 1912இல் இங்கிலாந்தின் என்ஃபீல்டில் மின் கணப்புகள் செய்யும் தொழிலைத் தொடங்கினார்.

இலண்டனில் 1952 டிசம்பரில் ஐந்து நாள்கள் நீடித்த பெரும் புகைமூட்டம் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது. அதற்கு வீடுகளில் எரிந்த கரி ஒரு பெருங்காரணம். 1956இல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்து, புகையில்லா வட்டாரங்கள் அறிவிக்கப்பட்டன. கரி போனாலும் தழலைப் பார்த்துக்கொண்டு உட்காரும் பழக்கம் போகவில்லை. போலிக் கரித்துண்டுகளும் அசையும் ஒளியும் கொண்ட மின் கணப்புக்கு அங்கே இன்றும் சந்தை இருப்பதற்கு இந்த ஏக்கமே காரணம் எனலாம்.

தழல் எப்படித் தெரிகிறது

பழைய வகைகளில் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிற மின்குமிழுக்கு மேல் மெல்லிய தகரச் சிறகு ஒன்று ஊசிமுனையில் நிற்கும். குமிழின் சூட்டில் மேலெழும் காற்று அதைச் சுழற்றும். சிறகின் நிழல் அசைவதே தழலாகத் தெரியும். இன்றைய வகைகளில் எல்.இ.டி. விளக்கும், பளபளக்கும் தகட்டுத் துண்டுகள் பொருத்திய ஒரு தண்டும் உள்ளன. சிறு மோட்டார் தண்டை மெதுவாகச் சுழற்ற, தெறிக்கும் ஒளி பனிக்கண்ணாடி போன்ற திரையில் விழுந்து தழல் நாக்குகளாகத் தெரிகிறது. மீயொலி அதிர்வால் நீரை நுண்துளிகளாக்கி, அந்த ஆவிப்படலத்தின்மேல் ஒளிபாய்ச்சும் வகையும் உண்டு. எதுவானாலும் தழலுக்குச் செலவாகும் மின்சாரம் மிகச் சிறிது. வெப்பத்தை நிறுத்திவிட்டு ஒளியை மட்டும் எரியவிடலாம்.

வெப்பம் எப்படிப் பிறக்கிறது

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் வரும் ஜூல் வெப்ப விதியே இக்கருவியின் அடிப்படை. மின்தடையில் ஒரு நொடியில் பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கிய அளவு. 230 வோல்ட்டில் 1500 வாட் தரும் சுருளின் வழியே ஏறத்தாழ 6.5 ஆம்பியர் ஓடும். அதன் மின்தடை சுமார் 35 ஓம். பெரும்பாலான கருவிகளில் 750, 1500 என இரு நிலைகள் இருக்கும். உள்ளே ஒவ்வொன்றும் சுமார் 70 ஓம் கொண்ட இரு சுருள்கள் உள்ளன என்று கொள்ளலாம். ஒன்றை மட்டும் இணைத்தால் 750 வாட், இரண்டையும் பக்க இணைப்பில் இணைத்தால் 1500. 'மின்தடை குறைந்தால் வெப்பம் எப்படிக் கூடும்?' என்று மாணவர்கள் தடுமாறும் இடம் இது. மின்னழுத்தம் மாறாதபோது, மின்தடை பாதியானால் மின்னோட்டம் இருமடங்காகும். மின்னோட்டத்தின் இருமடி நான்கு மடங்காகிறது, தடை பாதி. ஆகவே வெப்பம் இருமடங்கு.

சுருளின் பின்னே உள்ள சிறு விசிறி சூடான காற்றை அறைக்குள் தள்ளும். சில வகைகளில் நிக்ரோமுக்குப் பதிலாக பேரியம் டைட்டனேட் கலந்த பீங்கான் வில்லைகள் இருக்கும். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதும் இவற்றின் மின்தடை செங்குத்தாக ஏறி, மின்னோட்டம் தானாகவே குறைந்துவிடும். விசிறி நின்றுபோனாலும் செந்தழலாகாத இந்தக் குணம் நல்ல பாதுகாப்பு. குவார்ட்சுக் குழாய் கொண்ட வகை அகச்சிவப்புக் கதிர்களால் நேராக உடலைச் சூடேற்றும். அறைக்காற்று குளிர்ந்திருந்தாலும் எதிரே இருப்பவருக்கு உடனே இதமாக இருக்கும். நகர்ந்தால் அந்த இதம் போய்விடும்.

விளம்பரங்களில் ஒரு சொல் அடிக்கடி வரும்: 'நூறு விழுக்காடு திறன்'. அது பொய்யில்லை; ஆனால் பெருமையும் இல்லை. மின்தடையால் சூடேற்றும் எந்தக் கருவியும் தான் வாங்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாகவே அறைக்குள் விடுகிறது. விளக்கின் ஒளியும் விசிறியின் ஓட்டமும்கூடக் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகின்றன. எளிய தகரப்பெட்டி ஹீட்டரும் பல மடங்கு விலையுள்ள மரச்சட்டமிட்ட மின் கணப்பும் 1500 வாட் என்றால் இரண்டும் தருவது ஒரே அளவு வெப்பம். கூடுதல் விலை அழகுக்கும் ஓசைக்குறைவுக்கும் பாதுகாப்பு அமைப்புகளுக்கும் உரியது. மின்சாரச் செலவைக் குறைக்க விரும்புவோர் பார்க்க வேண்டியது சூடும் தரக்கூடிய குளிர்சாதனக் கருவியைத்தான். அது வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவருவதால், ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று அலகு வெப்பம் தர வல்லது.

ஓர் அறைக்கு எவ்வளவு தேவை

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் உள்ள படுக்கையறையைக் கொள்வோம். உள்ளிருக்கும் காற்று சுமார் 32 கன மீட்டர். எடை 39 கிலோ. அதை 10 பாகை செல்சியசு உயர்த்த ஏறக்குறைய 390 கிலோஜூல் போதும். 1500 வாட் கருவி இதை நாலரை நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும்! உண்மையில் அப்படி நடப்பதில்லை. சுவர், தரை, கட்டில், அலமாரி எல்லாம் சேர்ந்து வெப்பத்தை உறிஞ்சுகின்றன. வெளியேயும் கசிகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் 10 பாகை வேறுபாடு உள்ளபோது, ஒற்றைக் கண்ணாடி போட்ட ஒன்றரைச் சதுர மீட்டர் சன்னல் வழியே மட்டும் சுமார் 80 வாட் போகும். வெளியைப் பார்த்த இரு செங்கற்சுவர்கள் வழியே 350 வாட் அளவுக்கு. மணிக்கு ஒருமுறை அறைக்காற்று மாறினால் அதில் 110 வாட். கூரை தனி. தகரக் கூரையின் கீழ் பலகைத்தளம் இல்லாவிட்டால் எந்த ஹீட்டரும் தோற்கும்.

ஆகவே இத்தகைய அறைக்கு 1500 வாட் தாராளம். கூடத்துக்கும் மாடிப்படிக்கும் திறந்துகிடக்கும் அறைக்குப் போதாது. முதல் அரைமணி நேரம் முழுத் திறனில் ஓடவிட்டு, பிறகு குறைந்த நிலைக்கு மாற்றுவது வழக்கம். கனத்த திரையும் கதவடியில் உருட்டி வைத்த பழந்துணியும் கருவிக்கு இணையான வேலையைச் செய்யும். அவற்றுக்கு மின்கட்டணம் கிடையாது. 1500 வாட்டில் நாள்தோறும் நான்கு மணி நேரம் ஓடினால் 6 அலகு, மாதத்துக்கு 180 அலகு. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரு மாதக் கணக்கில் 360 அலகு கூடும் என்பதால், கட்டணப் படிநிலையிலும் மேலே ஏறிவிட நேரும்.

கரிச்சட்டிக்குப் பதிலாக

மலையூர்களில் இக்கருவியின் உண்மையான பயன் உயிர்க்காப்பே. குளிர் தாங்காமல் குமுட்டி அடுப்பையோ, இறைச்சி வாட்டிய கரியடுப்பையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாமற்போன செய்திகள் குளிர்காலந்தோறும் வருகின்றன. காற்றோட்டமின்றிக் கனலும் கரி கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடுகிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லை. குருதியின் ஹீமோகுளோபினோடு ஆக்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக அது பிணைந்துகொள்வதால், தூங்குபவர் மூச்சுத்திணறல் தெரியாமலே நினைவிழக்கிறார். புகை அடங்கிச் செந்தணலாகிவிட்டது, இனி அச்சமில்லை என்று அடுப்பை உள்ளே எடுத்துவருவதே இதில் பெருந்தவறு. புகையில்லாத தணல்தான் அந்த வாயுவை மிகுதியாகத் தரும். மின் கணப்பில் எதுவும் எரிவதில்லை. ஆகவே இந்த வாயு உண்டாவதில்லை, ஆக்சிசனும் குறைவதில்லை.

'ஹீட்டர் காற்றிலுள்ள ஈரத்தை எரித்துவிடும்' என்பதும் சரியன்று. நீராவியின் அளவு அப்படியே இருக்கிறது. சூடான காற்றால் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும் என்பதால் ஒப்பு ஈரப்பதம் மட்டும் குறைகிறது. 8 பாகையில் 80 விழுக்காடாக இருந்த ஈரப்பதம், அதே காற்றை 20 பாகைக்குச் சூடேற்றும்போது 37 விழுக்காடு அளவுக்கு இறங்கும். தொண்டை வறள்வதும் உதடு வெடிப்பதும் இதனால்தான்.

தீ விபத்து

கார்பன் மோனாக்சைடு இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்றாகாது. 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில், பழுதான மின் சூடேற்றியிலிருந்து பற்றிய தீயில் 17 பேர் இறந்தனர். தீ ஒரு வீட்டோடு நின்றது. தானாக மூட வேண்டிய கதவு மூடாததால் பரவிய புகைதான் மாடிமாடியாகக் கொன்றது.

திரைச்சீலை, மெத்தை, துணி ஆகியவற்றிலிருந்து கருவி ஒரு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் காயாத பள்ளிச் சீருடையை அதன்மேல் போடுவது நம்மவரிடையே மிகவும் காணப்படும் பழக்கம். காற்றுவழி அடைபட்டு உட்புறம் கொதிக்கும். சாய்ந்தால் தானாக நிற்கும் அமைப்பும், சூடு மிஞ்சினால் துண்டிக்கும் அமைப்பும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லாததை வாங்கலாகாது. எரியவிட்டபடியே தூங்குவதையும் தவிர்க்க வேண்டும். படுக்கும் முன் அறையைச் சூடேற்றிவிட்டு நிறுத்தினால், கம்பளி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

செருகியும் மின்னழுத்தமும்

இந்திய வீடுகளில் சாதாரண சிறிய செருகி 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட். எனவே 1500 வாட், 2000 வாட் கருவிகளைப் 'பவர் பிளக்' எனப்படும் 16 ஆம்பியர் செருகியில்தான் மாட்ட வேண்டும். மாற்றுச்செருகி போட்டுச் சிறியதில் மாட்டுவதும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுவதும் கூடாது. காரணம் எளிது. தளர்ந்த செருகியின் தொடுபுள்ளியில் 0.2 ஓம் தடை இருந்தாலே, 2000 வாட் கருவியின் 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தில் அவ்விடத்தில் மட்டும் 15 வாட் வெப்பம் பிறக்கும். ஒரு சிறு பற்றவைப்புக் கோலை நெகிழிக்குள் புதைத்து வைத்ததற்குச் சமம் இது. செருகி தொட்டால் சுட்டாலோ பழுப்பேறியிருந்தாலோ உடனே நிறுத்தி மாற்ற வேண்டும்.

அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் கருவி 120 வோல்ட்டுக்கானது. அதன் மின்தடை 9.6 ஓம் அளவே. நம் 230 வோல்ட்டில் இணைத்தால் 1500 வாட் கருவி 5500 வாட் இழுக்க முயலும், மின்னோட்டம் 24 ஆம்பியரைத் தொடும். செருகியின் உருவத்தை மாற்றும் சிறு துண்டு மின்னழுத்தத்தை மாற்றாது. மாறாக, இங்கிருந்து அங்கே கொண்டுபோனால் ஆபத்தில்லை. 1500 வாட் கருவி 400 வாட்டாகச் சுருங்கி, விசிறியும் சோம்பலாகச் சுற்றும். இங்கேயே மாலையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டாக இறங்கினால் 1500 வாட்டில் 920 வாட் அளவுதான் கிடைக்கும். 'போன வருடம் போல் சுடவில்லை' என்று கருவியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பது நல்லது.