தண்டு துளைப்பானின் முட்டையில் வளரும் குளவிகள்

நெல் இலையின் நுனிப்புறத்தில், கபில நிற மயிரால் மூடப்பட்ட சிறு திரள் ஒட்டியிருப்பதைக் கமக்காரர் கண்டிருப்பர். அது மஞ்சள் தண்டு துளைப்பானின் முட்டைக் கூட்டமாகும். அதனுள் நூறு முட்டைகள் வரை இருத்தல் கூடும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவை பொரிக்கும். வெளிவரும் புழுக்கள் நூலிழையில் தொங்கிக் காற்றிற் பரவித் தண்டினுள் நுழைந்துவிடும். இளம் பயிராயின் நடுக்குருத்துக் காயும். கதிர் வருங் காலமாயின் மணி பிடியாத வெண்கதிரே மிஞ்சும். தண்டினுட் புகுந்த புழுவை மேலே தெளிக்கும் மருந்து எளிதில் அணுகாது.

ஆனால், முட்டைப் பருவத்திலேயே இப்பீடையை அழிப்போர் வயலில் உளர். டெலினோமஸ் என்னும் கருங்குளவி எள்ளினுஞ் சிறியது, மனிதரைக் கொட்டாது. அது பெண் அந்தின் மணத்தை அறிந்து சென்று, அதன் வயிற்று நுனியிலுள்ள மயிர்க்குஞ்சத்தைப் பற்றிக்கொள்ளும். அந்து பறக்குமிடமெல்லாம் தானும் செல்லும். கள்வனின் தோளிலேயே காவற்காரன் ஏறிச் செல்வதுபோலும் இது! அந்து முட்டையிட்டு மயிரால் மூடுமுன், குளவி இறங்கி அம்முட்டைகளினுள்ளே தன் முட்டைகளை வைத்துவிடும். முட்டை ஒன்றுக்குக் குளவி ஒன்றாக வளரும்.

டெட்ராஸ்டிக்கஸ் என்னும் நீலப்பச்சைக் குளவி பிந்தி வரினும் குறையில்லை. தன் நீண்ட ஊசியால் மயிர்ப் போர்வையையே துளைத்து முட்டையிட வல்லது. அதன் புழுவுக்கு ஒரு முட்டை போதாது. மூன்றையேனும் தின்றே வளரும்.

முட்டைக் கூட்டங்களைக் கிள்ளி நெருப்பிலிடுவோர் இக்குளவிகளையும் சேர்த்தே எரிக்கின்றனர். அவற்றை இலைத்துண்டுடன் ஒரு சிரட்டையில் இடுக. சவர்க்கார நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்தின் நடுவே கல்லொன்றை வைத்து, அதன்மேல் சிரட்டையை வைக்க. மழையும் காற்றும் படாதவாறு வரம்போரத்தில் இரு வாரம் இருக்கட்டும். பொரிக்கும் புழுக்கள் ஊர்ந்து நீரில் விழுந்து மடியும். குளவிகள் வெளிவரப் பத்து முதல் பதினான்கு நாட்கள் செல்லும். அவை பறந்து வயலை அடையும்.

விதைத்து 40 நாட்களுக்குள், சில குருத்துக்கள் காய்ந்தவுடன் மருந்து தெளிப்பதும் இத்தகைய தவறே. அப்பருவப் பயிர் புதிய மட்டங்களை வெடித்து இழப்பை ஈடுசெய்யும். மருந்தினால் இறந்த குளவிகளோ கதிர்ப் பருவத்து அந்துக்கள் வரும்போது வயலில் இரா. வெண்கதிருக்கு ஈடு கிடையாது. ஆதலின், தெளிக்க எண்ணுவோர் முதலில் விவசாயப் போதனாசிரியருக்கு வயலைக் காட்டுக.