குதிரைத் திடலும் குதிரைப் பாதையும்

இங்கிலாந்தில் குதிரை வளர்ப்பவர்களுக்குக் குளிர்காலம்தான் பெரிய சோதனை. இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும் மழையில் களிமண் வயல்கள் சொதசொதவென்று ஆகிவிடும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள குதிரை சேற்றில் ஓடினால் வழுக்கி விழலாம், காலின் தசைநாண் அறுந்துபோகலாம். லாயத்தை ஒட்டி மணல் பரப்பிய திடல் ஒன்று வேண்டும் என்று பலரும் ஆசைப்படுவது இதனால்தான்.

திடலின் வழக்கமான அளவு 20 மீட்டருக்கு 40 மீட்டர். குதிரையின் நடையழகைச் சோதிக்கும் டிரஸ்ஸாஜ் போட்டியின் சிறிய களம் இதுவே. பெரிய போட்டிகளில் நீளம் 60 மீட்டர். 20 மீட்டர் விட்டத்தில் வட்டமிடுவது அடிப்படைப் பயிற்சி என்பதால் அகலத்தைக் குறைக்க வழியில்லை. தடைதாண்டப் பழக்குவோருக்கு இந்த அகலமும் நெருக்கடிதான்.

மண்ணைத் தொடுவதற்கு முன் உள்ளாட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். வயலில் குதிரை புல் மேய்ந்தால் சட்டத்தின் கண்ணில் அது விவசாயம். அதே வயலில் மணல் கொட்டிச் சவாரி செய்தால் நிலத்தின் பயன்பாடே மாறிவிட்டது. விளக்குக் கம்பம் நடுவதென்றால் பக்கத்து வீட்டாரின் தூக்கத்தோடு வௌவால்களின் நடமாட்டமும் கணக்கில் வரும்.

பார்க்க வருபவர் கண்ணில் படுவது மணல் மட்டுமே. திடலின் ஆயுளோ அதற்கு அடியில் இருக்கிறது. முதலில் மேல்மண்ணை வழித்தெடுத்து, கெட்டியான அடிமண்ணைச் சமன்படுத்துகிறார்கள். சரிவான இடமானால் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் நிரப்ப வேண்டும். நிரப்பிய பக்கத்தை நன்றாக இறுக்காவிட்டால் பின்னால் அது உள்வாங்கும். சமன் என்று சொன்னாலும் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் வாட்டம் விடுவது வழக்கம். பிறகு வாய்க்கால் தோண்டி, துளையிட்ட குழாய்களை மீன்முள் வடிவில் பதித்து ஜல்லியால் மூடுகிறார்கள். அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்கப்படும். அது தண்ணீரைக் கீழே விடும், களிமண்ணை மேலே விடாது. அடுத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் கனத்துக்கு, தூசியில்லாத கடினமான ஜல்லி. மென்மையான சுண்ணாம்புக்கல் மலிவாகக் கிடைக்கும். ஆனால் நாளடைவில் நொறுங்கிக் குழைந்து இடுக்குகளை அடைத்துவிடும். ஜல்லிக்கு மேலும் ஒரு துணி உண்டு, கல் மணலுக்குள் ஏறி வராமலிருக்க. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கைவைப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இந்த அடுக்குகளில்தான். தண்ணீர் தேங்கி, கல் மேலே வந்து குளம்பில் குத்தத் தொடங்கினால் மணல் முழுவதையும் அள்ளிவிட்டு முதலிலிருந்து தோண்ட வேண்டியிருக்கும்.

மேலே போடும் மணலும் கட்டட வேலைக்கான மணல் அல்ல. உருண்டை மணிகள் காலுக்கடியில் உருளும். குளம்பு ஆழப் புதையும். நுண்ணிய, சற்றே கோணலான மணிகள் கொண்ட சிலிக்கா மணலே ஏற்றது. அதில் செயற்கை இழைத் துண்டுகளைக் கலந்தால், புல்வேர் மண்ணைப் பிடிப்பதுபோல அவை மணலைப் பிடித்துக்கொள்ளும். மெழுகு பூசிய மணல் கோடையிலும் தூசி கிளப்பாது, விலைதான் அதிகம். மரச்சீவல் சில ஆண்டுகளில் மக்கி வழுக்கும்.

வேலியின் குறுக்குச் சட்டங்களைக் கம்பங்களுக்கு உட்புறமாக அறைய வேண்டும். இல்லாவிட்டால் சவாரி செய்பவரின் முழங்கால் கம்பத்தில் மோதும். திடல் தயாரான பிறகும் வேலை தீராது. லத்தியை உடனுக்குடன் அள்ளாவிட்டால் அது மக்கி மணலை அடைக்கும். குதிரைகள் வேலியோரமாகவே சுற்றுவதால் அங்கே தடம் குழியும். டிராக்டரில் பரம்பு கட்டி அடிக்கடி இழுத்துச் சமன்செய்ய வேண்டும்.

எவ்வளவு நல்ல திடலானாலும் நாள்தோறும் அதே செவ்வகத்தைச் சுற்றும் குதிரைக்குச் சலிப்புத் தட்டும். மேடும் பள்ளமும் ஏறி இறங்கினால்தான் கால்களும் உறுதிப்படும். வெளியே போக இங்கிலாந்தில் 'பிரைடில்வே' எனப்படும் குதிரைப் பாதைகள் இருக்கின்றன. தனியார் வயலுக்கு நடுவே சென்றாலும் இவற்றில் சவாரி செய்யப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. 1968 முதல் சைக்கிளுக்கும் அனுமதி உண்டு. ஆனால் குதிரைக்கு வழிவிட வேண்டும். நீல அம்புக்குறி குதிரைப் பாதையைக் காட்டும், மஞ்சள் நடைபாதையை. தெற்கில் 160 கிலோமீட்டர் நீளும் சவுத் டவுன்ஸ் வழியை முழுவதும் குதிரையிலேயே கடக்கலாம். நியூ ஃபாரஸ்ட் காட்டிலும் நார்ஃபோக்கின் ஹோல்கம் கடற்கரையிலும் சவாரிக்காரர்களைப் பார்க்கலாம். அரச குதிரைப்படையின் குதிரைகளும் கோடையில் இந்த ஹோல்கமுக்கு வருவதுண்டு. சில பண்ணைக்காரர்கள் ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு தங்கள் நிலத்தைத் திறந்துவிடுகிறார்கள்.

பொதுப் பாதைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில்தான் குதிரைக்கு உரிமை என்பது நெடுநாள் குறை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரைபடங்கள் தயாரானபோது பழைய குதிரைத் தடங்கள் பல விடுபட்டன, அல்லது வெறும் நடைபாதையாகப் பதிவாயின. பழைய நிலப்படங்களைக் காட்டி அவற்றை மீட்க 2000ஆம் ஆண்டுச் சட்டம் காலக்கெடு வைத்தது. அந்தக் கெடுவை நீக்கப்போவதாக அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது. ஸ்காட்லாந்தில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் சவாரிக்காரர் பெரும்பாலான நிலங்களில் செல்லலாம்.

இங்கிலாந்தில் பாதைகள் துண்டு துண்டாகக் கிடப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தார்ச்சாலை வழியாகத்தான் போக வேண்டும். குதிரையைக் கடக்கும் வாகனம் குறைந்தது 2 மீட்டர் விலகி, மணிக்கு 10 மைல் வேகத்துக்குள் செல்ல வேண்டும் என்று 2022இல் திருத்தப்பட்ட நெடுஞ்சாலை விதித்தொகுப்பு கூறுகிறது.