மார்புக்காம்புக் கசிவு: இளம்பெண்கள் அறிய வேண்டியவை

குழந்தை பெறாத, பாலூட்டாத இளம்பெண்ணின் மார்புக்காம்பில் நீர் கசிந்தால், புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சமும் வெளியே சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும் ஒருசேர எழுகின்றன. இவற்றில் அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. கூச்சமோ மருத்துவரிடம் செல்லும் நாளை மாதக்கணக்கில் தள்ளிப்போடச் செய்வதால், நோயைவிட மிகுந்த தீங்கை அதுவே விளைவித்துவிடுகிறது. இளவயதில் காணும் கசிவுக்கு ஹார்மோன் மாற்றமோ, உட்கொள்ளும் மருந்தோ, தீங்கற்ற சிறு வளர்ச்சியோ காரணமாக இருப்பதே வழக்கம். கசிவு தானாக வருகிறதா அழுத்தினால் வருகிறதா, ஒரு மார்பிலா இரண்டிலுமா, என்ன நிறம் என்பவற்றைக் கொண்டே மருத்துவர் காரணத்தைத் தேடத் தொடங்குகிறார்.

பால் நாளங்களின் இயல்பு

ஒவ்வொரு மார்பகத்திலும் ஏறத்தாழ 15 முதல் 20 பால்மடல்கள் உள்ளன. அவற்றில் சுரப்பதைக் கொண்டுவரும் மெல்லிய குழாய்களான பால் நாளங்கள், காம்பின் நுனியில் ஊசிமுனை அளவுள்ள துளைகளாகத் திறக்கின்றன. பால் சுரக்காத காலத்திலும் இந்நாளங்களில் சிறிதளவு நீர் ஊறுவது இயல்பே என்பதால், நோயேதும் இல்லாத பெண்களுக்கும் காம்பை அழுத்தினால் பல துளைகளிலிருந்து மஞ்சளாகவோ பச்சையாகவோ ஓரிரு சொட்டுகள் வரக்கூடும். காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் காணப்படும் சிறு புடைப்புகள் எண்ணெய்ச் சுரப்பிகளே; அவற்றைக் கட்டி என்றோ பரு என்றோ எண்ணிக் கிள்ளக் கூடாது.

ஒருமுறை கசிவைக் கண்ட பெண், நின்றுவிட்டதா என்று பார்க்கக் குளிக்கும்போதெல்லாம் காம்பை அழுத்திப் பார்ப்பதுண்டு. குழந்தை சப்பும்போது நரம்புவழி மூளைக்குச் செல்லும் அதே செய்தி இவ்வாறு அழுத்தும்போதும் செல்வதால், சுரப்பு மேலும் தூண்டப்பட்டு, நின்றிருக்க வேண்டிய கசிவு நீடிக்கிறது. ஆகவே அழுத்திப் பார்ப்பதை விட்டுவிடுவதே முதல் மருத்துவம்.

பால் போன்ற வெண்ணிறக் கசிவு

மூளையின் அடியில் பட்டாணி அளவில் அமைந்த பிட்யூட்டரி சுரப்பி, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்னும் ஹார்மோனை வெளியிடுகிறது. அதற்குச் சற்று மேலுள்ள ஹைபோதலாமஸ் பகுதியிலிருந்து வரும் டோபமைன் என்னும் வேதிப்பொருள், புரோலாக்டின் மிகாதபடி கடிவாளம்போல் அடக்கி வைக்கிறது. இக்கடிவாளம் தளர்ந்தால், கருவுறாத பெண்ணுக்கும் இரு மார்பகங்களிலும் பால் சுரக்கத் தொடங்கும்.

கடிவாளத்தைத் தளர்த்துபவற்றுள் மருந்துகளே எளிதில் கவனத்திலிருந்து தப்புகின்றன. வாந்திக்கும் செரிமானக் கோளாறுக்கும் தரப்படும் டாம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, லெவோசல்பிரைடு ஆகியவை டோபமைனின் செயலைத் தடுப்பவை. கேஸ் மாத்திரை என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கப்படும் பல கூட்டு மாத்திரைகளில், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் அல்லது ரேபிபிரசோலுடன் டாம்பெரிடோனும் சேர்ந்திருக்கிறது; அட்டையில் மருந்தின் பெயரை அடுத்து ‘டி’ என்றோ ‘டி.எஸ்.ஆர்.’ என்றோ இருந்தால் அது பெரும்பாலும் டாம்பெரிடோனையே குறிக்கும். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி நேரந்தவறி உண்பதால் வரும் நெஞ்செரிச்சலுக்கு இதை வாரக்கணக்கில் விழுங்கிவந்து, மார்பில் பால் கசிவதற்கும் அதற்கும் தொடர்புண்டு என்பதை அறியாமலே இருக்கக்கூடும். ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகளும் இவ்விளைவைத் தருவனவே. எனினும் அவற்றைத் தாமாக நிறுத்துவது ஆபத்து, மாற்று மருந்தை மனநல மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

தைராய்டு சுரப்பு குறைந்தாலும் புரோலாக்டின் உயரலாம். சிலருக்குப் பிட்யூட்டரியிலேயே புரோலாக்டினோமா என்னும் கட்டி தோன்றியிருக்கும். கட்டி என்ற சொல் கலங்கவைத்தாலும் இது ஏறக்குறைய எப்போதும் புற்றல்லாதது. பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையின்றி, கேபர்கோலின் மாத்திரையாலேயே சுருங்கிவிடுகிறது. ஆனால் கவனிக்காமல் விட்டால் மாதவிடாய் தவறும், கருத்தரிப்பு தடைப்படும், எலும்பின் வலுவும் குறையும். கட்டி பெரிதாகிப் பார்வை நரம்பை அழுத்தும்போது தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை மங்கலும் சேரும்.

கருவுற்றிருக்கிறாரா என்று மருத்துவர் முதலில் சோதிப்பது வழக்கமான நடைமுறையே தவிர, யார்மீதும் சந்தேகம் கொண்டு செய்வதன்று. திருமணமாகாத பெண்ணுக்குப் பால் சுரந்தால் அவளது நடத்தையை ஐயுறும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. பால் சுரப்பு ஒழுக்கத்தின் சான்றன்று. மேற்கண்ட காரணங்கள் எந்தப் பெண்ணுக்கும் நேரக்கூடியவை. இதை வீட்டிலுள்ள தாயும் பாட்டியும் அறிந்திருந்தால், அந்தப் பெண் தனியே அஞ்சி அழ வேண்டியிராது.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

அழுத்தாமல் தானாகவே, ஒரு மார்பிலிருந்து மட்டும், ஒரே துளைவழியாக, இரத்தம் கலந்தோ தண்ணீர்போல் தெளிந்தோ வரும் கசிவுக்கு உடனடிப் பரிசோதனை தேவை. அப்போதும் பால் நாளத்துக்குள் மருபோல் வளரும் பாப்பிலோமா என்ற தீங்கற்ற வளர்ச்சியே முதன்மையான காரணம். ஆயினும் மார்பகப் புற்றுநோய் இளம்பெண்களிடம் அரிதென்றாலும் இல்லாததன்று என்பதால், கசிவுடன் கெட்டியான கட்டி, தோலில் குழி, புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பில் ஆறாத சிரங்கு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்கலாகாது. காய்ச்சலோடு மார்பு சிவந்து வீங்கிச் சீழ் வருவது தொற்றின் அடையாளம்.

தொட்டால் நழுவி ஓடும் உருண்டையான கட்டி இளவயதில் பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்னும் தீங்கற்ற கட்டியாகவே இருக்கிறது. ஆயினும் அதை உறுதிசெய்ய வேண்டியது பரிசோதனைதான், விரல்கள் அல்ல.

பரிசோதனைக்குச் செல்லும்போது

இளம்பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியானது. மேமோகிராமில் அது வெண்மையாகத் தெரிந்து கட்டியை மறைத்துவிடக் கூடுமாதலால், 30 வயதுக்குட்பட்டோருக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே முதலில் எடுக்கப்படுகிறது. பால் போன்ற கசிவுக்குத் தைராய்டு, புரோலாக்டின் அளவுகள் இரத்தத்தில் பார்க்கப்படும். ஊசிக்கு அஞ்சும் பதற்றத்தாலேயே புரோலாக்டின் சற்று உயரக்கூடும் என்பதால், சிறு உயர்வைக் கண்டு கலங்காமல் மறுநாள் திரும்பப் பார்ப்பதுண்டு. அளவு மிக உயர்ந்திருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்படும்.

அரசின் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் 30 வயது முதலே பெண்களை அழைக்கிறது. அதற்கு இளையவர் தாமாகத்தான் மருத்துவரைத் தேடிச் செல்ல வேண்டும். செல்லுமுன் உள்ளாடைக்குள் வெள்ளைப் பருத்தித் துணியை ஒருநாள் வைத்துப் பார்த்தால் கசிவின் நிறம் தெளிவாகும். அந்தத் துணியையும், கடைசி மாதவிடாயின் தேதியையும், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோவது, கூச்சத்தால் சொல்ல முடியாத பாதியை மருத்துவருக்குச் சொல்லிவிடும்.