அன்று ஸ்டோன்வால், இன்று வெள்ளை மாளிகை

1965 ஏப்ரல் 11, ஞாயிற்றுக்கிழமை. டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்டோன்வால் என்கிற சிற்றூர். ஒரு காலத்தில் ஒற்றை அறையில் நடந்த ஜங்ஷன் பள்ளிக்கூடத்தின் வாசலில் மேசை போட்டிருக்கிறார்கள். மேசையில் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன். பக்கத்தில் வயதான ஓர் அம்மையார். பெயர் கேட் டெட்ரிக் லோனி. ஜான்சனுக்கு நான்கு வயதாக இருந்தபோது இதே பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். டீச்சர் மடியில் உட்கார்ந்தால்தான் பாடம் ஒப்பிப்பேன் என்று அடம்பிடித்த பையன், நாட்டின் தலைவனாகி, அந்த டீச்சரையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டான். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு வாஷிங்டனிலிருந்து ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் போகும் என்றது அந்தச் சட்டம்.

2025 மார்ச் 20. வெள்ளை மாளிகையின் கிழக்கு அறை. வகுப்பறை மேசைகளை வரிசையாகப் போட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்திருந்தார்கள். ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டு உயர்த்திக் காட்டினார். பிள்ளைகளும் தங்கள் முன்னால் இருந்த தாள்களில் கையெழுத்திட்டு உயர்த்திக் காட்டினார்கள். ஃபெடரல் அரசின் கல்வித் துறையை மூடுவதற்குச் சட்டம் இடம்கொடுக்கும் அளவுக்கு எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்பது அந்த ஆணை.

இரண்டு கையெழுத்துக்கும் நடுவே அறுபது ஆண்டுகள். பள்ளிக்கூடத்தில் வாஷிங்டனுக்கு என்ன வேலை என்பதுதான் இரண்டு இடத்திலும் இருந்த கேள்வி.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி பழசு. அந்நாட்டு அரசியல் சாசனத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. ஃபெடரல் அரசுக்கென்று கொடுக்கப்படாத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது என்கிறது பத்தாவது திருத்தம். உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1867இல் கல்விக்கென ஒரு துறை தொடங்கினார்கள். ஆணையர் ஒருவர், எழுத்தர் மூவர். பள்ளிகளைப் பற்றிய புள்ளிவிவரம் திரட்டுவதுதான் வேலை. அதையே பொறுக்க முடியாமல் அடுத்த ஆண்டே தரம் குறைத்துச் சாதாரண அலுவலகமாக்கினார்கள். பள்ளிக்கூடம் ஊருக்குச் சொந்தம், ஊர் வரியில் நடப்பது, ஊரார் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியத்துக்குக் கட்டுப்பட்டது என்ற எண்ணம் அங்கே அவ்வளவு ஆழமானது. இன்றும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தனி ராஜ்யம்.

இந்த எண்ணத்தை நான் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. பெற்ற தாய் எழுந்து நின்று கேள்வி கேட்கக்கூடிய தூரத்தில் பள்ளி நிர்வாகம் இருப்பது நல்லதுதான். ஆனால் ஊர் என்பது யார்? அந்த ஊருக்குள் சேர்த்துக்கொள்ளப்படாத பிள்ளை யாரிடம் போய் முறையிடும்?

ஜான்சனுக்கு இது நேரில் தெரியும். 1928இல் கல்லூரிப் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு, தெற்கு டெக்சாஸில் கொட்டுலா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கான வெல்ஹாசன் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். வயது இருபது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அவர்கள். முதல் சம்பளத்தில் அவர்களுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கினார். முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து அமெரிக்க நாடாளுமன்றத்தில் வாக்குரிமைக்காகப் பேசியபோதும் கொட்டுலா பிள்ளைகளின் முகத்தைத்தான் நினைவுபடுத்தினார்.

ஜான்சனின் கல்விச் சட்டத்தால் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்துக் கணக்கு ஒன்றைக் காட்டுவேன். உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவான கணக்கு இது. ஆண்டு 1967-68. ஒரே நகரத்தில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள். எட்ஜ்வுட்டில் படித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மெக்சிகோ வம்சாவளியினர். அலமோ ஹைட்ஸ் வசதியானவர்கள் வாழ்ந்த பகுதி. நூறு டாலர் சொத்து மதிப்புக்கு எட்ஜ்வுட் மக்கள் 1.05 டாலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ்காரர்கள் கட்டியது 85 சென்ட். ஏழைகள்தான் கூடுதல் விகிதத்தில் கட்டினார்கள். அப்படியிருந்தும் மாநிலத் திட்டத்துக்குச் செலுத்தியது போக உள்ளூர் வரியிலிருந்து எட்ஜ்வுட் பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 333 டாலர். வீட்டு மதிப்பே குறைவாக இருந்தால் எவ்வளவு விகிதம் போட்டுத்தான் என்ன வரும்?

மாநிலம் கொடுத்தது எட்ஜ்வுட்டுக்கு 222, அலமோ ஹைட்ஸுக்கு 225. இருப்பவனுக்கு மூன்று டாலர் அதிகம்.

வாஷிங்டன் கொடுத்தது எட்ஜ்வுட்டுக்கு 108 டாலர், அலமோ ஹைட்ஸுக்கு 36. ஊர் கொடுத்ததைப் போல நான்கு மடங்குக்கு மேல் அந்த ஏழைப் பிள்ளைக்கு வெகுதூரத்து அரசிடமிருந்து வந்தது. எல்லாம் கூட்டினாலும் எட்ஜ்வுட் 356, அலமோ ஹைட்ஸ் 594. பள்ளம் தூர்ந்துவிடவில்லை. ஆனால் மூன்று கைகளில் எந்தக் கை இல்லாதவன் பக்கம் நீண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

எட்ஜ்வுட் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். கல்வி அமெரிக்க அரசியல் சாசனம் உறுதிசெய்த அடிப்படை உரிமை அல்ல என்று தீர்ப்பாயிற்று. ஒரே ஒரு நீதிபதி மாற்றி எழுதியிருந்தால் அந்த நாட்டுப் பள்ளிகளின் கதையே வேறாக இருந்திருக்கும். அந்தக் கதவு அடைபட்டதால்தான் நாடாளுமன்றச் சட்டங்களுக்கு இவ்வளவு பாரம் வந்தது.

பணம் ஒரு பக்கம். வாசலில் காவல் நிற்பது இன்னொரு பக்கம். 1957இல் அர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் மத்திய உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைய முடியாதபடி ஆளுநரே தடுத்தார். ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பினார். பிள்ளைகள் ராணுவப் பாதுகாப்போடு படியேறினார்கள். அன்று ஊரும் மாநிலமும் ஒரு பக்கம், ஒன்பது பிள்ளைகளும் ஃபெடரல் அரசும் மறு பக்கம்.

அதே ஆண்டு அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. பதறிப்போன அமெரிக்கா 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் மட்டுமல்ல, பிறமொழிப் படிப்புக்கும் அதில் நிதி இருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழ் படிக்க வந்த எத்தனையோ மாணவர்களுக்கு உதவித்தொகை தந்தது இந்தச் சட்டத்தில் பிறந்த திட்டம். நம் இலக்கணத்தையும் சங்கப் பாட்டையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன உழைப்புக்குப் பின்னால் ஸ்புட்னிக் பயமும் கொஞ்சம் இருக்கிறது. 2025இல் அந்த நிதியும் நிறுத்தப்பட்டது. நமக்குச் சம்பந்தமில்லாத தூரத்துச் சண்டை என்று தமிழர்கள் இதை நினைக்க வேண்டாம்.

வாஷிங்டன் போட்ட கல்விச் சட்டங்களில் என் நெஞ்சைத் தொடுவது, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான 1975ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன் அப்படிப்பட்ட பத்து லட்சம் பிள்ளைகள் அமெரிக்காவில் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள் என்று நாடாளுமன்றமே பதிவுசெய்தது. இந்தப் பிள்ளைக்கு எங்களிடம் இடமில்லை என்று ஊர்ப் பள்ளி சொன்னால் அதோடு முடிந்தது. 1975 நவம்பர் 29 அன்று ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட பிறகு அப்படிச் சொல்ல முடியாமல் போனது. இன்று 75 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அந்தச் சட்டத்தின் நிழலில் படிக்கிறார்கள்.

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலும் பலருக்கு, அந்தச் சட்டப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக எழுதப்படும் கல்வித் திட்டமான ஐ.இ.பி. என்றால் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமாகிறது, அல்லது ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பள்ளியில் கூட்டம் போடுகிறார்கள். அம்மாவும் அப்பாவும் ஒரு பக்கம். எதிரே வகுப்பாசிரியை, சிறப்பாசிரியை, பேச்சுப் பயிற்சியாளர், பள்ளி மாவட்டத்தின் சார்பில் ஒருவர். ஆங்கிலம் போதாத பெற்றோர் என்றால் மொழிபெயர்ப்பவரைப் பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், யார் தருவது என்று அந்த ஒரு பிள்ளைக்காகத் தாளில் எழுதுகிறார்கள். அம்மாவுக்குச் சம்மதம் இல்லை என்றால் மறுக்கலாம், முறையான விசாரணை கேட்கலாம். ஊரில் ஜோசியரிடமும் கோயில் வாசலிலும் கண்ணீரோடு நின்றிருக்கக்கூடிய ஒரு தாய்க்கு, சட்டம் கொடுத்த நாற்காலி அது.

இதற்கு ஆகும் கூடுதல் செலவில், ஒரு மாணவருக்கான சராசரிச் செலவின் 40 சதவீதம் வரை ஃபெடரல் அரசு தரும் என்று அன்று சொன்னார்கள். இன்றுவரை அந்த அளவைக் கொடுத்ததில்லை. உரிமையைச் சட்டத்தில் எழுதிவிட்டுச் செலவை ஊர் தலையில் கட்டியது வாஷிங்டனின் பெரிய குறை. பள்ளி வாரியங்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய தவறு 2002இல் நடந்தது. எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது என்று பெயர் வைத்த சட்டத்தில் ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு. 2014க்குள் அத்தனை பிள்ளைகளும் தேற வேண்டும். தேறாத பள்ளிக்குத் தோல்வி முத்திரை. கறுப்பினப் பிள்ளைகள் எப்படி, ஏழைகள் எப்படி, மாற்றுத்திறனாளிகள் எப்படி என்று தனித்தனியாக மதிப்பெண் வெளியிடச் சொன்னது அதில் நல்ல பகுதி. சராசரியின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியவில்லை. ஆனால் பள்ளி முழுக்கத் தேர்வு மயமானது. அட்லாண்டாவில் விடைத்தாள்களை ஆசிரியர்களே திருத்தி வைத்த விவகாரத்தில் 44 பள்ளிகளில் 178 பேர் சம்பந்தப்பட்டிருந்ததாக 2011இல் மாநில விசாரணை சொன்னது. 2015இல் புதிய சட்டம் போட்டு அதிகாரத்தின் பெரும்பகுதியை மாநிலங்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கும் கையாக இருந்தவரை வாஷிங்டன் பயன்பட்டது. பிரம்பை எடுத்தபோது கெடுத்தது.

கல்விக்கென்று மீண்டும் தனித் துறை வந்தது 1979இல், ஜிம்மி கார்ட்டர் காலத்தில். அடுத்து வந்த ரீகன் அதை ஒழிப்பேன் என்று சொல்லித்தான் ஆட்சிக்கு வந்தார், முடியவில்லை. அவரால் முடியாததை முடிக்கத்தான் இப்போது முனைகிறார்கள். 2025 தொடக்கத்தில் 4,133 பேர் இருந்த துறையில், மார்ச்சில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் குறைக்கும் அறிவிப்பு வந்தது. உரிமை மறுக்கப்பட்ட பெற்றோர் புகார் கொடுக்கும் குடிமை உரிமைகள் அலுவலகத்தின் 12 வட்டாரக் கிளைகளில் ஏழினை மூடினார்கள். டெக்சாஸில் இருந்த டல்லஸ் கிளையும் அதில் ஒன்று. ஆட்குறைப்பைக் கீழ்நீதிமன்றம் தடுத்தது; ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. நவம்பரில், ஜான்சன் தொடங்கிய ஏழைப் பள்ளிகளுக்கான நிதியை நிர்வகிக்கும் பொறுப்பைத் தொழிலாளர் துறைக்கு மாற்றும் ஏற்பாடும் அறிவிக்கப்பட்டது.

மாநிலங்களுக்கே அதிகாரம் என்ற முழக்கம் உண்மையாக இருந்தால் அதனோடு வாதாடலாம். ஆனால் இதே அரசுதான் 2025 ஏப்ரலில், பன்முகத்தன்மைத் திட்டங்கள் எங்களிடம் சட்டவிரோதமாக நடக்கவில்லை என்று மாநிலங்கள் சான்றளிக்க வேண்டும், இல்லையேல் நிதி போய்விடும் என்றது. பிறகு நீதிமன்றங்கள் அதைத் தடுத்தன. ஆக, வாஷிங்டன் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறவில்லை. பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு, காவலை விட்டு மட்டும் விலகுகிறது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்பது என் முடிவு.

துறையை முழுமையாக ஒழிக்க நாடாளுமன்றத்தால்தான் முடியும். 1965 சட்டமும் 1975 சட்டமும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐ.இ.பி. கூட்டத்துக்குப் போனால் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புரியாத தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். வாக்குரிமை இருப்பவர்கள் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு இந்த இரண்டு சட்டங்களையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள்.