இணையச் சந்தையில் கைவினைஞர்

நுழையும்முன்

விற்பவர் ஏமாற்றுவார், வாங்குபவர் ஏமாறுவார் என்பது சந்தையைப் பற்றிய பழைய எண்ணம். இணையச் சந்தையில் இந்நிலை சில வேளைகளில் தலைகீழாகிறது. முகம் காணாத ஒருவரிடம் பொருளைப் பறிகொடுப்போரும், நேர்மையற்ற ஒருவரி மதிப்புரையால் வருவாய் குன்றுவோரும் இன்று உளர். அவர்களுள் எளிதில் பாதிப்புக்கு உள்ளாவோர் கைவினைஞர். அவர்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகளையும், வாங்குவோர் பேணவேண்டிய அறத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திண்ணையிலிருந்து திரைக்கு

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடை, பாய் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். கோரையை அறுத்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயமேற்றி, பருத்தி நூல் பாவின் ஊடே கோத்து நெய்வது பத்தமடைப் பாய். கோரையை எவ்வளவு நுண்மையாகக் கிழிக்கின்றனரோ அவ்வளவுக்குப் பாய் மென்மை பெறும். பட்டுப்பாய் எனப்படும் நுண்ணிய பாய் ஒன்றை நெய்து முடிக்கப் பல நாள்கள் ஆகும்.

முன்பெல்லாம் பாய் வாங்க விரும்பியவர் கடைக்கோ நெய்பவர் வீட்டுக்கோ வந்தார், பாயைத் தொட்டுப் பார்த்தார், விலை பேசினார், பணம் தந்தார், பாயைச் சுருட்டி எடுத்துச் சென்றார். வணிகம் அந்த இடத்திலேயே முடிந்தது. இன்று திறன்பேசியில் எடுத்த ஓர் ஒளிப்படம் அதே பாயைத் தில்லிக்கும் மும்பைக்கும் காட்டுகிறது. இடைத்தரகர் இன்றித் தம் உழைப்புக்குத் தாமே விலை சொல்லும் வாய்ப்புக் கைவினைஞருக்குக் கிட்டியிருக்கிறது. இது சிறிய நன்மையன்று.

ஆயினும், நேரடி வணிகத்தில் இருந்த மூன்று காப்புகள் இணையச் சந்தையில் இல்லை. வாங்குநர் பொருளைத் தொட்டறிவதில்லை. விற்பவர் வாங்குநரின் முகத்தை அறிவதில்லை. பொருளும் பணமும் ஒரே நேரத்தில் கைமாறுவதில்லை. இந்த இடைவெளிகளில்தான் வஞ்சகமும் நுழைகிறது. தவறான மதிப்பீடும் நுழைகிறது.

வாங்குநர் வேடத்தில் வஞ்சகர்

வாங்குநரைப் போல வந்து ஏமாற்றுவோர் கையாளும் வழிகள் பலவாகத் தோன்றினும், அவை சில வகைகளுள் அடங்கிவிடும்.

முதலாவது, பொய்யான பணச்சான்று. பணம் அனுப்பிவிட்டதாகக் கூறித் திரைப்பிடிப்பு ஒன்றை அனுப்புவர். வங்கியிலிருந்து வந்ததைப் போன்ற குறுஞ்செய்தியும் வரும். இரண்டும் போலியாக உருவாக்கப்பட்டவையாக இருக்கலாம். “வண்டி வாசலில் நிற்கிறது, உடனே பொருளைக் கொடுங்கள்” என்ற அவசரப்படுத்தலும் உடன்வரும். கணக்கைச் சரிபார்க்க நேரம் தராமையே இதன் நோக்கம்.

இரண்டாவது, பணம் தருவதாகக் கூறிப் பணத்தை எடுப்பது. 2016ஆம் ஆண்டு அறிமுகமான யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. பணம் செலுத்துவதற்கே அது தேவை. இவ்வேறுபாட்டை அறியாதவரிடம், “இந்தக் கியூ.ஆர். குறியீட்டை வருடி உங்கள் எண்ணைப் பதிவிட்டால் பணம் வந்துசேரும்” என்பர். எண்ணைப் பதிந்த நொடியில் பணம் வருவதில்லை, போகிறது. படைவீரர் என்றும் அரசு அலுவலர் என்றும் தம்மை அறிமுகம் செய்துகொண்டு நம்பிக்கையைப் பெறுவோரும் உளர்.

மூன்றாவது, கூடுதல் பண நாடகம். இரண்டாயிரம் ரூபாய்க்கு மாறாக இருபதாயிரம் அனுப்பிவிட்டதாகவும், மீதியைத் திருப்பி அனுப்புமாறும் கெஞ்சுவர். இரக்கமுள்ள கைவினைஞர், வராத பணத்துக்கு மீதி கொடுத்து ஏமாறுகிறார்.

நான்காவது, மாற்றித் திருப்புதல். நீலகிரியில் வாழும் தோடர் இனப் பெண்கள், வெண்ணிறப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணியெண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் பூத்தையல் இடுகின்றனர். அத்தகைய போர்வையைப் பெற்றுக்கொண்டு, இயந்திரத்தில் தைத்த போலியை உள்ளே வைத்து, “பொருள் சரியில்லை” எனத் திருப்பி அனுப்புவது இவ்வகை மோசடி. பொதி பிரிக்கப்படும்வரை இழப்புத் தெரிவதில்லை.

இவையன்றி, பொருள் வந்தபின் பணம் தரும் முறையில் வரவழைத்துவிட்டு வாங்க மறுப்பதும் உண்டு. இவற்றுள் எல்லாமே ஏமாற்று எனக் கூற இயலாது; மனமாற்றமும் இருக்கலாம். ஆனால், போக்குவரத்துச் செலவு பெரும்பாலும் விற்பவர் தலையில் விழுகிறது.

ஒரு விண்மீனின் எடை

இணையச் சந்தையில் முகத்துக்கு மாற்றாக அமைவது மதிப்பீடு. 1995இல் பியர் ஒமிடியார் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே என்னும் இணைய ஏலச் சந்தை, அடுத்த ஆண்டே பின்னூட்ட முறையைக் கொண்டுவந்தது. வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிட்டனர். பழிக்குப் பழியாக விற்பவர் மதிப்பிடுவாரோ என்று அஞ்சி வாங்குவோர் உண்மையைச் சொல்லத் தயங்கினர். எனவே, வாங்குநருக்கு எதிர்மறை மதிப்பீடு வழங்கும் வாய்ப்பு விற்பவரிடமிருந்து 2008இல் நீக்கப்பட்டது. வாங்குநரின் அச்சம் நீங்கியது. ஆனால், தராசின் ஒரு தட்டு விற்பவரின் கைக்கு எட்டாமற்போனது.

இதன் விளைவைக் கணக்கின்வழி உணரலாம். ஒரு பெருங்கடைக்கு நானூறு பேர் ஐந்து விண்மீன் வழங்கியுள்ளனர் எனக் கொள்க. இன்னொருவர் ஒரு விண்மீன் வழங்கினால் எளிய சராசரி 4.99 ஆகிறது. அதே ஒரு விண்மீன், நால்வரிடம் மட்டுமே ஐந்து விண்மீன் பெற்ற பாய் நெசவாளருக்கு விழுந்தால் சராசரி 4.2 ஆகச் சரிகிறது. பெருங்கடைக்கு அது தூசி. சிறு கைவினைஞருக்கோ பாறை. திரையில் மதிப்பீட்டு வரிசைப்படி பொருளைத் தேடுவோர் கண்ணில் அவர் பாய் படாமலே போகலாம்.

நியாயமற்ற மதிப்புரைகள் மூவகைப்படும். கைவினையின் இயல்பையே குறையாகக் கூறுவது முதல் வகை. கோரைக்கு இயற்கையான மணம் உண்டு. கையால் ஏற்றிய சாயம் பாய்க்குப் பாய் சிறிது வேறுபடும். இவை கைத்தொழிலின் அடையாளங்கள், குறைகள் அல்ல. பிறர் தவற்றுக்கு விற்பவரைத் தண்டிப்பது இரண்டாம் வகை. மானாமதுரை மட்பாண்டம் வழியில் உடைந்தால், பொதியை எறிந்தவரின் தவறும் குயவரின் கணக்கில் ஏறுகிறது. மூன்றாம் வகை மிரட்டல். “பாதிப் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் ஒரு விண்மீன்தான்” என்பது மதிப்புரையன்று. பணம் பறிக்கும் செயல்.

தெரிந்து தெளிவோம்

இணைய மதிப்புரைகளைத் திரட்டுதல், சரிபார்த்தல், வெளியிடுதல் ஆகியவற்றுக்கான நெறிமுறைகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ஆம் ஆண்டு ‘ஐ.எஸ். 19000’ என்னும் தரமாக வெளியிட்டது. நேர்மை, துல்லியம், தனியுரிமை, பாதுகாப்பு, வெளிப்படைத்தன்மை, அணுகும் எளிமை, பொறுப்புடன் பதிலளித்தல் ஆகியவை அதன் அடிப்படைக் கொள்கைகள். மதிப்புரை எழுதுபவர் உண்மையான ஆள்தானா எனச் சரிபார்க்கும் வழிகளையும் அது கூறுகிறது.

தற்காப்பு வழிகள்

இழந்தபின் வருந்துவதினும் இழக்காமல் காப்பதே எளிது. கைவினைஞர் பின்பற்றத்தக்க வழிகள் அரியன அல்ல. பழகிக்கொள்ள வேண்டியவை மட்டுமே.

பணம் வந்ததா என்பதைத் தம் வங்கிக் கணக்கில் தாமே பார்த்து உறுதிசெய்தபின்னரே பொருளை அனுப்ப வேண்டும். பிறர் அனுப்பும் படமும் குறுஞ்செய்தியும் சான்றாகா. பணம் பெறுவதற்காக எவர் இரகசிய எண்ணையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்டாலும் அவரை ஐயுற வேண்டும். இணையச் சந்தையில் அறிமுகமானவர், “வெளியே தனியாகப் பேசி முடித்துக்கொள்வோம்” என்று அழைத்தால் மறுத்துவிடுதல் நன்று. சந்தைக்கு வெளியே நடந்த பேச்சுக்கும் பணத்துக்கும் அச்சந்தையில் பதிவு இராது.

பொருள் விளக்கம் எழுதுவதும் ஒரு காப்பே. நீளம், அகலம், எடை ஆகியவற்றுடன், “கோரையின் இயற்கை மணம் இருக்கும், நிறம் படத்திலிருந்து சற்று வேறுபடலாம்” எனத் தெளிவாக எழுதிவிட்டால், பின்னர் எழும் குறைகூறலுக்கு அதுவே விடையாகும். பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தை, நிறத்தைக் கூட்டாமல் அப்படியே வெளியிட வேண்டும். அழகுபடுத்திய படம் ஒருநாள் விற்பனையைத் தரும்; மறுநாள் குறையுரையைத் தரும்.

பொதி கட்டும்போது பொருளின் முன்பக்கம், பின்பக்கம், தனி அடையாளம், முகவரிச் சீட்டு ஆகியவை தெரியுமாறு இடைவெட்டின்றி ஒரே காணொளியாகப் பதிவுசெய்ய வேண்டும். பொதியின் எடையைக் குறித்துவைக்க வேண்டும். திரும்பி வரும் பொதியையும் அவ்வாறே காணொளி எடுத்துக்கொண்டு பிரிக்க வேண்டும். போனது எது, வந்தது எது என்பதை இவ்விரு காணொளிகளும் சொல்லும். உடையும் பொருள்களுக்கு அஞ்சல் அல்லது கூரியர்க் காப்பீடு செய்யலாம். பெயரோ உருவமோ பொறித்துத் தனியே செய்துதரும் பொருள்களுக்கு முன்பணம் பெறுவது முறையே ஆகும். ஒருவருக்காகச் செய்தது மற்றொருவருக்கு விலைபோகாது.

நியாயமற்ற மதிப்புரைக்குச் சினத்துடன் விடையளிப்பது மேலும் இழப்பையே தரும். நடந்ததை இரண்டு மூன்று வரிகளில் பணிவுடன் எழுதினால் போதும். அந்த விடையைப் படிப்பவர் குறைகூறியவர் மட்டும் அல்லர். அடுத்து வாங்க வருபவரும் அதைப் படிப்பார். மிரட்டல், வசைமொழி ஆகியன இருப்பின், உரையாடலைப் பதிவாக வைத்துக்கொண்டு சந்தை நிறுவனத்திடம் முறையிட வேண்டும்.

சட்டத்தின் துணை

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 66ஈ பிரிவு எனத் தமிழில் குறிக்கத்தக்க ‘66டி’ பிரிவின்படி, கணினி வழியாக வேறொருவர்போல நடித்து ஏமாற்றுவோருக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய்வரை தண்டமும் விதிக்கலாம். 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏமாற்றுதலையும், 308ஆம் பிரிவு அச்சுறுத்திப் பறித்தலையும் குற்றங்களாக வரையறுக்கின்றன.

பணத்தை இழந்தவர் உடனே 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்திலும் பதிவுசெய்யலாம். விரைந்து தெரிவித்தால், பணம் வேறு கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்கு முன்பே வங்கிகள் அதை நிறுத்திவைக்க இயலும். வெட்கத்தால் காலம் தாழ்த்துவது ஏமாற்றியவருக்கே துணையாகும்.

சட்டம் விற்பவருக்கும் கடமைகளை விதிக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020இன்படி, விற்பவர் தம்மை வாங்குநராகக் காட்டிக்கொண்டு தம் பொருளுக்குத் தாமே மதிப்புரை எழுதக் கூடாது. குறையுடைய பொருளையும் விளக்கத்தோடு பொருந்தாத பொருளையும் திரும்பப் பெற மறுக்கவும் கூடாது. எனவே, கைவினைஞரைக் காப்பது என்பது உண்மையான குறையைச் சொல்லும் வாங்குநரின் வாயை அடைப்பது அன்று. பொய்யைத் தடுப்பதே அதன் பொருள். அப்பொய் எப்பக்கத்திலிருந்து வந்தாலும் சரி.

கூடி நிற்றல்

தனியொருவராக விற்பவருக்கு நெய்தல், படமெடுத்தல், பேசுதல், அனுப்புதல், முறையிடுதல் ஆகிய அனைத்தும் ஒரே தலைச்சுமை. கூட்டாக விற்போர் இச்சுமையைப் பகிர்ந்துகொள்கின்றனர். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும், 1973இல் தொடங்கப்பட்டுப் பூம்புகார் என்னும் பெயரில் விற்பனை நிலையங்களை நடத்தும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமும் நெசவாளரின் துணிகளையும் கைவினைஞரின் பொருள்களையும் பொதுப்பெயரின்கீழ் விற்கின்றன. ஊரளவில் மகளிர் சுய உதவிக் குழுவும் இப்பணியைச் செய்யலாம். குழுவின் பெயரில் ஒரே விற்பனைக் கணக்கு இருந்தால் மதிப்பீடுகள் பலவாகச் சேரும். பொய்யான ஒரு விண்மீனின் எடையும் குறையும். படித்த இளைஞர் ஒருவர் கணக்கையும் கடிதத்தையும் பார்த்துக்கொண்டால், முதியவர் கைகள் தறியை விட்டு நீங்க வேண்டியதில்லை.

வாங்குவோர் அறம்

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அவர்கள் விற்கும்போது அளவைக் குறைக்காதவர்கள் என்பதோடு, வாங்கும்போது அளவுக்கு மேல் கொள்ளாதவர்கள் என்பதையும் அந்நூல் சிறப்பாகக் கூறுகிறது. வணிக அறம் விற்பவருக்கு மட்டும் உரியதன்று. வாங்குபவருக்கும் உரியது என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த உண்மை.

இணையத்தில் இடும் ஒவ்வொரு மதிப்புரையும் ஒரு சாட்சியம். சாட்சி சொல்பவர் தாம் கண்டதை மட்டுமே சொல்ல வேண்டும். பொருள் குறையா, போக்குவரத்துக் குறையா எனப் பிரித்தறிதல். குறை இருப்பின் முதலில் விற்பவருக்குத் தெரிவித்துச் சரிசெய்ய வாய்ப்பளித்தல். சரிசெய்தபின் மதிப்புரையைத் திருத்துதல். நிறைவு தந்த பொருளைப் பற்றி இரண்டு வரியேனும் எழுதுதல் ஆகியவை வாங்குவோர் கடமைகள். மனநிறைவு பெற்றவர் வாளா இருந்துவிடுவதால்தான் மனக்குறை கொண்ட ஒருவரின் குரல் பேரொலியாகக் கேட்கிறது.

திரையில் ஒரு விண்மீனைத் தொடுவதற்கு ஒரு நொடி போதும். அதற்கு அப்பால், பல நாள் குனிந்து நெய்த முதுகு ஒன்று இருக்கிறது. அந்த முதுகை நினைத்து விரலை வைப்பவரே நேர்மையான வாங்குநர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் உருவாகும் கைவினைப் பொருள் ஒன்றுக்கு, அதன் இயற்கையான வேறுபாடுகளும் இடம்பெறுமாறு இணைய விற்பனைக்கான பொருள் விளக்கம் எழுதுக.

2. வழியில் உடைந்துபோன மட்பாண்டத்துக்காகக் குயவருக்கு ஒரு விண்மீன் வழங்கப்பட்டுள்ளது. அக்குயவர் எழுதும் பணிவான விடையை ஐந்து வரிகளில் எழுதுக.

3. ‘வணிக அறம் இருபக்கம் உடையது’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.